முன்பணத்துக்கு முன் மூன்று இணையதளங்கள்: புதிய மனைத் தரகர்களுக்காக ஒரு மதிப்பீடு

வீடோ மனையோ தேடி வருகிற பார்ட்டி, பல ஆண்டுச் சேமிப்பையும் ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு வருகிறார். புதிதாகத் தரகுத் தொழிலில் இறங்குபவர்களிடம் "இன்முகமாகப் பேசு, பொறுமையாகக் கேள், வண்டியில் கூட்டிப்போய்க் காட்டு" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அத்தனை அன்பாகப் பேசிய தரகரே, அடமானம் தீராத மனைக்கு ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வைத்துவிட்டால், அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அலையப்போவது பார்ட்டிதான்.

காகிதத்தை முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஒரு தரகருக்குக் கைகொடுக்கும் அரசு இணையதளங்கள் தமிழ்நாட்டில் மூன்று இருக்கின்றன. வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' நில ஆவணச் சேவை, பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட், மனை வணிக ஒழுங்குமுறை ஆணையமான டி.என்.ரெராவின் தளம். மூன்றிலும் விவரங்களைப் பார்வையிடப் பணம் கட்ட வேண்டியதில்லை. முன்பணம் கைமாறும் முன் பார்ட்டியிடம் உண்மையைச் சொல்ல இவை எவ்வளவு உதவுகின்றன என்ற ஒரே கேள்வியை வைத்து இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

தளங்களைத் திறக்கும் முன் விற்பவரிடம் வாங்க வேண்டியவை: கிரயப் பத்திரத்தின் முழு நகல் (சொத்து விவரப் பக்கம் கட்டாயம்), பட்டா எண், சொத்துவரி ரசீது. சொத்து விவரப் பக்கத்தின் நகலைக்கூடக் கொடுக்க மறுப்பவரின் வீட்டுக்குப் பார்ட்டியை அழைத்துப் போகாதீர்கள். வீட்டைப் பார்த்து, பூஜை அறை எங்கே, பிள்ளைகளுக்கு எந்த அறை என்று குடும்பமே மனதுக்குள் குடியேறிவிட்ட பிறகு சொல்லப்படும் கெட்ட செய்தி காதில் ஏறாது. "அதெல்லாம் சரிபண்ணிடலாம், விடுங்க" என்று பார்ட்டியே சமாதானம் சொல்வார். அதனால் காகிதம் முதலில், வீடு பிறகு. இந்த வரிசையை எந்தப் பார்ட்டிக்காகவும் மாற்ற வேண்டாம்.

பட்டா தளம்: வேகம் உண்டு, விளக்கம் இல்லை

மூன்றில் மிக எளிமையானது இதுதான். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண் (சர்வே எண்), உட்பிரிவு எண்ணையோ போட்டால் பட்டா வந்துவிடும். நகரமென்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வழி கொஞ்சம் மாறும். அதே தளத்தில் புல வரைபடம், அ-பதிவேடு (கிராமத்தின் ஒவ்வொரு புலமும் எந்த வகை நிலம் என்று காட்டும் பதிவேடு), அந்தப் புல எண் அரசு நிலமா என்று காட்டும் பகுதி எல்லாம் உண்டு. புதியவர்கள் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அ-பதிவேட்டைத் திறந்து நிலத்தின் வகைப்பாட்டைப் படிப்பது அதைவிட முக்கியம். புறம்போக்கா, கோயில் நிலமா, 1892-ஆம் ஆண்டு அரசாணைப்படி பட்டியலின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்ற கேள்விகளின் முதல் தடயம் அங்கேதான் கிடைக்கும். அப்படி ஏதாவது தென்பட்டால் அந்தச் சொத்தைப் பார்ட்டியிடம் பேசவே வேண்டாம்.

இந்தத் தளம் கைவிடும் இடம் அளவு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். பார்ட்டிக்குத் தெரிந்தது சென்ட், கிரவுண்ட், சதுர அடி. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஏறக்குறைய ஐந்தரை சென்ட். பட்டாவில் '0 - 2.50' என்றிருந்தால் இரண்டரை ஏர், 250 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2,691 சதுர அடி. இதைப் பார்ட்டியின் முன்னால், அவர் கைப்பேசியிலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். புல வரைபடம் மீட்டரில் இருக்கும். 3.28-ஆல் பெருக்கினால் அடி. பத்திரத்தில் தெருப்பக்கம் 40 அடி என்றும் வரைபடத்தில் 11.6 மீட்டர் என்றும் இருந்தால், அது 38 அடிதான். இரண்டு அடி எங்கே போனது என்பதைப் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் சொல்லும். இதைக் கிரயத்துக்கு முன் கண்டுபிடித்தால் விலையில் பேசிக்கொள்ளலாம். பிறகு கண்டுபிடித்தால் அண்டை வீட்டாருடன் ஆயுள் முழுக்க முகம் கொடுக்க முடியாத சண்டை.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் கையெழுத்துப் போடுகிறார்களா, அல்லது விற்பவருடைய பங்கு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பிரிந்து வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்க 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். பணியின்போது பெயர் மாறிப்போனதும் பரப்பு குறைந்துபோனதும் இன்றுவரை பல கிராமங்களில் திருத்தப்படாமல் கிடக்கின்றன. பத்திரம் ஒருவர் பெயரில், பட்டா வேறொருவர் பெயரில் இருந்தால் உடனே மோசடி என்று முடிவுகட்டவும் வேண்டாம், "பட்டாவெல்லாம் பிறகு மாத்திக்கலாம்" என்று மழுப்பவும் வேண்டாம். பட்டா மட்டும் உரிமைக்குச் சாட்சி ஆகாது. அதே சமயம், பட்டா பொருந்தாத சொத்துக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

டி.என்.ரெஜிநெட்: நிறைய தருகிறது, படிக்கத் தெரிய வேண்டும்

மின்னணுச் சேவைகள், வில்லங்கச் சான்று, வில்லங்கச் சான்று விவரம் பார்வையிடுதல் என்று போய், மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தேதிகள், புல எண் கொடுத்தால் இ.சி. எனப்படும் அந்த வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல், திரையில் வரும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் ஏறியிருக்கின்றன. அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனுப்போட்டுத்தான் தேட வேண்டும். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கம். தாய்ப்பத்திரம் (சொத்தின் மூலப் பத்திரம்) அதற்கும் பழையதென்றால் அந்தத் தேதி வரைக்கும் போங்கள்.

இந்தத் தளத்தின் பெரிய ஆபத்து, தவறாகத் தேடினாலும் நிம்மதியான பதிலே வருவதுதான். உட்பிரிவில் '2ஏ1' என்பதற்குப் பதில் '2ஏ' என்று அடித்தால் பதிவு எதுவும் இல்லை என்று வரும். அதைக் காட்டி "வில்லங்கமே இல்லை சார்" என்று சொல்லிவிடுகிற புதியவர்கள் இருக்கிறார்கள். தேடல் சரியா என்று சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு: விற்பவர் தன் கையில் வைத்திருக்கும் கிரயப் பத்திரமே இ.சி.யில் வருகிறதா என்று பாருங்கள். அது வராவிட்டால் தேடியது தவறு. புல எண் மாறியிருக்கலாம், நகர அளவை வந்த பிறகு பழைய எண்ணில் தேடியிருக்கலாம், அந்தக் கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் ஏமாற்றுவது. அப்படி மாறிய கிராமத்துக்கு, மாறிய தேதிக்கு முன்னும் பின்னுமாக இரண்டு அலுவலகங்களிலும் தேட வேண்டும். புல எண் வழியாக ஒரு முறை, ஆவண எண் வழியாக ஒரு முறை என இரு பக்கமும் தேடினால் பெரும்பாலான பிழைகள் பிடிபட்டுவிடும்.

படிக்கும்போது கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ ஒரே திசையில் போங்கள். ஒவ்வொரு பதிவிலும் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், ஆவணத்தின் தன்மை, முந்தைய ஆவண எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் வரியில் வாங்கியவர்தான் அடுத்த வரியில் விற்கிறாரா? நடுவில் பெயர் தாவினால் அங்கே ஒரு மரணமோ, செட்டில்மென்ட்டோ, பதிவாகாத உயிலோ ஒளிந்திருக்கிறது. உரிமை ஆவண ஒப்படைப்பு (பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கிய அடமானம்) என்று ஒரு வரி இருந்தால் அதற்குப் பின்னால், கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது என்று இன்னொரு வரி இருந்தாக வேண்டும். சில சமயம் கடன் உண்மையிலேயே அடைந்திருக்கும், வங்கிக் கடிதமும் கையில் இருக்கும், ரசீதை மட்டும் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். ரசீது ஆவணத்துக்கான பதிவுக் கட்டணம் 2023 ஜூலையில் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாய் ஆனது. இவ்வளவு சிறிய செலவில் தீரும் விஷயத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு வாரக்கணக்கில் அலைவது வீண். விற்பவரிடம் முதல் நாளே கேட்டு வாங்கி முடித்துவிடலாம்.

பவர் பத்திரத்தின் பேரில் விற்பனை என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது முதல் கேள்வி. அவர் இறந்த நொடியில் அந்தப் பவர் செத்துவிடும். முடிந்தால் பவர் கொடுத்தவருடன் பார்ட்டியை நேரிலோ காணொளியிலோ பேச வையுங்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சு பார்ட்டிக்குக் கொடுக்கும் தைரியத்தை எந்தச் சான்றும் கொடுக்காது.

மனையாக இருந்தால் அனுமதி பெற்ற லேஅவுட்தானா என்பதையும் இதே கட்டத்தில் பார்த்துவிடுங்கள். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. பிறகு அத்தகைய மனைகளை முறைப்படுத்த 2017-ல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-ஐ எல்லைத் தேதியாக வைத்தன; அதற்குப் பிந்தைய மனைகளுக்கு அந்த வழி இல்லை. "அடுத்த மாசம் அப்ரூவல் வந்துடும்" என்ற பேச்சை நம்பிப் பார்ட்டியின் பணத்தைப் பூட்டக்கூடாது.

இதே தளத்தில் வழிகாட்டி மதிப்பும் (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) இருக்கிறது. தெரு வாரியாகவோ புல எண் வாரியாகவோ பார்க்கலாம். பத்திரச் செலவு விலைக்கா, வழிகாட்டி மதிப்புக்கா என்று கேட்பார்கள். எது அதிகமோ அதற்கு. இந்தப் பகுதிக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். முன்பு சார்பதிவகத்தில் யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டியிருந்ததை இப்போது பார்ட்டி தானே பார்த்துக்கொள்ள முடிகிறது.

ரெரா தளம்: புதுக் கட்டுமானத்துக்கு மட்டும்

2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டினால், லேஅவுட் போட்டால், விற்கும் முன் பதிவு வேண்டும். தளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடினால் கட்டுநர், அனுமதி, முடிக்க வேண்டிய தேதி வரை கிடைக்கும். பதிவு எண்ணே ஒரு சங்கதி சொல்லும். 'டிஎன்' என்று தொடங்கி மாவட்டக் குறி, பில்டிங் அல்லது லேஅவுட், வரிசை எண், ஆண்டு என்று வரும். துண்டறிக்கையில் லேஅவுட் எண்ணைப் போட்டுவிட்டு அடுக்குமாடி விற்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

தரகரும் இதே சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாத திட்டத்தை விற்க உதவக்கூடாது, முன்பதிவின்போது எல்லா ஆவணங்களும் வாங்குபவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், கணக்கு வைத்திருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், திட்டத்தில் விற்கப்பட்ட சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை ஏறலாம். பார்ட்டிக்குத் தெரிய வேண்டியது இன்னொன்று: எழுத்துமூல ஒப்பந்தம் பதிவாகும் முன் கட்டுநர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. "ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான், இருபது சதவீதம் போட்டுடுங்க" என்று விற்பனை அலுவலகத்தில் அவசரப்படுத்தும்போது பார்ட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

குறை என்னவென்றால், புறநகரில் ஒரு கிரவுண்டுக்குள் நான்கு வீடு, ஆறு வீடு கட்டி விற்கும் சிறு கட்டடங்கள் பெரும்பாலும் இந்தப் பதிவுக்குள் வராது. முதல் வீடு வாங்குகிற நடுத்தரக் குடும்பங்கள் அதிகம் போவது அங்கேதான். பழைய வீட்டு மறுவிற்பனைக்கும் இந்தத் தளம் உதவாது. இங்கெல்லாம் கட்டட அனுமதி வரைபடத்தையும் கட்டி நிற்கும் கட்டடத்தையும் தரகரே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அனுமதியில் எத்தனை மாடி, நிற்பது எத்தனை மாடி, பார்க்கிங் இடத்தில் வீடு முளைத்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

எந்தத் தளத்திலும் இல்லாதவை

பதிவாகாத உயில், வாய்மொழி வாடகை, குடும்பத்துக்குள் புகைந்துகொண்டிருக்கும் மனக்கசப்பு இவையெல்லாம் இ.சி.யில் வராது. தகப்பனார் காலமான பிறகு விற்பனைக்கு வரும் வீடுகளில்தான் தரகரின் பக்குவம் சோதிக்கப்படும். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று இரண்டும் வேண்டும். கேட்கிற விதம் முக்கியம். துக்கம் ஆறாத அம்மாவிடம் போய் "யாரெல்லாம் பாகஸ்தர்?" என்று முதல் வாக்கியத்தில் கேட்காதீர்கள். "அம்மா, பத்திரம் எழுதறப்ப எல்லாப் பிள்ளைங்க பேரும் வரணும். ஊர்ல இல்லாதவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிட்டீங்கன்னா அவங்களுக்கு வசதியான நாளாப் பார்த்துக்கலாம்" என்றால் அதே தகவல் நோகாமல் வந்துவிடும்.

கல்யாணமாகிப் போன மகள்களை விட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டில் 1989-லேயே திருத்தம் வந்து, 2005-ல் நாடு முழுக்க மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு என்று ஆகிவிட்டது. "தங்கச்சிக்குச் சீர் செஞ்சாச்சு, அவ ஒண்ணும் கேக்கமாட்டா" என்று அண்ணன் சொன்னாலும் தங்கையிடம் தரகர் தனியாக ஒரு முறை பேச வேண்டும். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர அவருக்கு மனமுண்டா, அல்லது பங்குப் பணம் வேண்டுமா என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குபவருக்குப் பாதுகாப்பும் அதில்தான். தங்கைக்குச் செய்யும் மரியாதையும் அதில்தான்.

இன்னொன்று பணக் கணக்கு. இதை எந்தத் தளமும் மொத்தமாகப் போட்டுத் தராது. 40 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி உச்சவரம்பு 80 சதவீதம், ஆகவே கடன் 32 லட்சம். கைப்பணம் 8 லட்சம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம் 2.80 லட்சம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் 80,000. தரகு 1 சதவீதம் என்றால் 40,000. மொத்தம் 12 லட்சம் கையில் இருந்தாக வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் அதே வீட்டுக்கு 36 லட்சம்தான் போட்டு, வங்கியும் அதே 80 சதவீதமே தந்தால் கடன் 28.80 லட்சமாக இறங்கி, கைப்பணத்தில் இன்னும் 3.20 லட்சம் துண்டு விழும். இந்தத் துண்டுதான் நகையை அடகுக்கு அனுப்புகிறது. வீடு காட்டத் தொடங்கும் முன்பே இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்ட்டி கையில் கொடுங்கள். "எட்டு லட்சம் போதும்" என்று நினைத்து வந்தவர், தன் பட்ஜெட் 40 லட்சத்துக்குக் குறைவுதான் என்று அன்றைக்கே புரிந்துகொள்வார். கமிஷன் கொஞ்சம் குறையும். அவர் தூக்கம் கெடாது.

சில சலுகைகளையும் வரி விதிகளையும் மறக்காமல் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிறு மனை வாங்கும் குடும்பத்துக்கு அது ஒரு மாத மளிகைச் செலவு. விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீத வரிப் பிடித்தம் வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரென்றால் அந்தக் கணக்கே வேறு, ஆடிட்டரிடம் அனுப்பாமல் முன்பணம் வேண்டாம். முன்பணத்தையும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்க வைக்காதீர்கள். வங்கி வழியாகப் போனால்தான் திரும்பக் கேட்கவும் சாட்சி இருக்கும்.

குறை தெரிந்தால் சொல்கிற முறைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. வாட்ஸாப்பில் இ.சி.யை அனுப்பிவிட்டு "கொஞ்சம் பாருங்க சார்" என்பது பொறுப்பைத் தள்ளிவிடுவது. பேசுங்கள். "சார், இ.சி.யில 2014-ல ஒரு அடமானம் இருக்கு. ரசீது பதிவாகல. கடன் கட்டியாச்சுன்னு விற்கிறவர் சொல்றார், வங்கிக் கடிதம் கேட்டிருக்கேன். அது வர்ற வரைக்கும் நீங்க ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்." என்ன குறை, எந்தப் பதிவில், தீருமா, யார் தீர்க்க வேண்டும், அதுவரை பார்ட்டி என்ன செய்ய வேண்டும் என்று ஐந்தும் இதில் வந்துவிட்டன. முடிந்தால் கணவன் மனைவி இருவரும் இருக்கும்போது சொல்லுங்கள். ஒருவர் வழியாக மற்றவருக்குப் போகும்போது செய்தி பாதியாகிவிடும். தீராத குறையென்றால் "வக்கீல் ஒருத்தரைக் கேளுங்க" என்று மழுப்பாமல், "இது வேண்டாம்" என்று நேராகச் சொல்லிவிடலாம். லீகல் ஒப்பீனியனுக்கு வக்கீலைப் பார்ட்டியே தேர்ந்தெடுக்கட்டும். விற்பவருடைய வக்கீலைச் சிபாரிசு செய்யக்கூடாது.

கிரயம் முடிந்த அன்றைக்கே தரகர் காணாமல் போய்விடுகிறார் என்பது பார்ட்டிகளின் பொதுவான ஆதங்கம். அப்போதும் வேலை மிச்சமிருக்கிறது. முழுப் புல எண்ணும் உட்பிரிவு இல்லாமல் கைமாறினால் பட்டா தானாகவே மாறும் வசதி இப்போது உண்டு. உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அந்த நாளில் பார்ட்டி தனியாக நின்றால் எல்லைக்கல் எங்கே என்று பக்கத்து வீட்டார் சொல்வதுதான் எல்லையாகிவிடும். பத்திர நகல், புல வரைபடம், அளவு நாடா மூன்றோடு தரகரும் போய் நிற்க வேண்டும். பிறகு சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றம். விற்பவரிடம் மின் இணைப்புக்கான ஒப்புதல் கையெழுத்தைப் பதிவு நாளிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கடினம். மூன்று மாதம் கழித்துப் பட்டா தளத்தில் அதே புல எண்ணைப் போட்டு, புதிய பெயர் ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தைப் பார்ட்டிக்கு அனுப்பிவிடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அப்போதே திருத்த மனுக் கொடுக்கலாம்.